சத்தம் எப்போது வருகிறது? – வாகனக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. "அண்ணை, கிளச் பிளேற் போய்விட்டது, என்ன விலை வரும்?" "ஐயா, இன்ஜெக்டர் பழுது, எங்கே வாங்கலாம்?" வைத்தியரிடம் போய் "குடல்வாலை வெட்டிவிடுங்கோ" என்று யாரும் சொல்வதில்லை. கராஜுக்கு வரும்போது மட்டும் எல்லோரும் நோயின் பெயரோடுதான் வருகிறோம். பாகத்தின் பெயர் எனக்கு வேண்டாம். வண்டி என்ன செய்தது? சூடான பிறகா, காலையில் ஸ்ரார்ட் பண்ணியவுடனா? பாரத்தோடா, வெறுமனேயா? மழைக்குப் பிறகா? அதற்கு முதல் யார் எதைக் கழற்றினார்கள்? இவ்வளவையும் எழுதினால் பாதித் திருத்தம் கடிதத்திலேயே முடிந்துவிடும். விசுவமடுவிலிருந்து ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார். அதனால் அவருக்கே முதல் இடம்.

கேள்வி: உழவு மிசினில், நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு பரந்தன் – முல்லைத்தீவு றோட்டில் இரவு எட்டு மணியளவில் வந்துகொண்டிருந்தேன். மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். மிசின் வலப்பக்கம் இழுத்து, எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டது. முன்னால் வாகனம் வராததால் தப்பினேன். அன்று பகல் முழுக்க வயலுக்குள் நின்று ஏற்றிக்கொண்டிருந்தோம். பிறேக் லைனிங் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓடிப் பார்த்தால் அவ்வளவு இழுவை தெரியவில்லை. – விவசாயி, விசுவமடு

பதில்: "அன்று பகல் முழுக்க வயலுக்குள்" என்று எழுதினீர்கள் பாருங்கள், விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உழவு இயந்திரத்தில் வலது காலுக்கு இரண்டு பிறேக் மிதி. ஒன்று இடது பின்சில்லுக்கு, மற்றது வலது பின்சில்லுக்கு. வயலுக்குள் வரம்போரம் திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் மிசின் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்காக இரண்டு மிதியையும் இணைக்கும் கொளுவியை வயலில் கழற்றிவிடுவோம். றோட்டுக்கு ஏறும்போது திரும்பப் போட வேண்டும். களைத்துப்போய், இருட்டில், நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அவசரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? அவசரத்தில் கால் வெளிப்பக்க மிதியில், அதாவது வலது மிதியில் விழும். வலது பின்சில்லு மட்டும் இறுகும். நீங்கள் எழுதியபடியேதான் நடக்கும். வேகம் இன்னும் கொஞ்சம் கூட இருந்திருந்தால் மிசின் பிரண்டிருக்கும்.

முதலில் அந்தக் கொளுவி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஓடுகிற பழைய மிசின்களில் பலவற்றில் அது கழன்று விழுந்து கனகாலமாகிவிட்டது. அந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றியிருப்பார்கள், அல்லது ஒன்றுமே இருக்காது. கட்டுக்கம்பி சரிவராது. வெல்டிங் கடையில் செய்விக்கலாம், பெரிய செலவில்லை.

கொளுவி போட்டும் இழுத்தால் வேறு கதை. மட்டமான கிறவல் நிலத்தில் பெட்டி இல்லாமல், மெதுவான வேகத்தில் ஒரே மிதியாக மிதித்து, இறங்கிப் போய்த் தடத்தைப் பாருங்கள். இரண்டு பின்சில்லும் ஒரே நீளத்துக்குக் கோடு இழுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் நீளம், மற்றப் பக்கம் வெறும் உருளல் என்றால் இரண்டு மிதியின் இடைவெளியும் சமமாக இல்லை. அதை முறுக்கிச் சமப்படுத்தலாம். சமப்படுத்தியும் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றால், லைனிங் எண்ணெய்க்குள் இல்லாமல் உலர்ந்து வேலை செய்யும் பழைய மிசின்களில் அச்சு சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கும். பெற்றோலில் கழுவிப் போட்டால் அன்றைக்கு மட்டும் பிடிக்கும். முதலில் சீல், பிறகு புது லைனிங், அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றாக.

பெட்டி இல்லாமல் இழுவை தெரியவில்லை என்றதையும் விட்டுவிடக் கூடாது. எங்கள் பெட்டிகளில் அனேகமாகப் பிறேக் கிடையாது. நெல் மூட்டையின் முழுப் பாரத்தையும் மிசினின் இரண்டு பின்சில்லுதான் நிறுத்த வேண்டும். நீங்கள் பிறேக் பிடிக்க, பெட்டி பின்னாலிருந்து தள்ளும். மிசின் ஒரு விரலளவு சரிந்தாலும் அந்தத் தள்ளல் அதை மடக்கிவிடும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூற்றலில் விடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சின்தான் பாதிப் பிறேக்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பின்புறம் சிவப்புத் துணி கட்டுகிறீர்கள். இருட்டில் சிவப்புத் துணி கறுப்புத்தான். ஒளி திருப்பும் சிவப்பு ஒட்டுத்தாள் எந்த மோட்டார் சாமான் கடையிலும் இருக்கிறது. பின்பலகையின் இரண்டு மூலையிலும் ஒட்டினால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைக்குப் பெட்டி எவ்வளவு அகலம் என்று தெரியும். ஒரு மூலையில் மட்டும் ஒட்டினால் அவனுக்கு நீங்கள் இன்னொரு மோட்டார் சைக்கிள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய கார், என் பெயருக்கு மாற்றி ஆறு மாதம். டாஷ்போர்ட்டில் எயார்பேக் லைற் அணையாமல் எரிகிறது. "பல்பைக் கழற்றிவிடலாம் ரீச்சர், தொல்லை இல்லை" என்கிறார் திருத்துகிறவர். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, எயார்பேக் வெடித்து ஆட்கள் செத்த கதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்துகிறான். எது உண்மை? – ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: இரண்டும் வெவ்வேறு விஷயம் தங்கச்சி. தம்பி சொல்வது உண்மை. பல்பைக் கழற்றச் சொன்னவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

முதலில் லைற். சாவி போட்டவுடன் அது எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். தன்னைத் தானே பரிசோதித்து "சரி" என்று சொல்கிற முறை அது. அணையாமல் நின்றால் எங்கேயோ இணைப்பு அறுந்திருக்கிறது, மோதினால் பை விரியாமல் போகலாம். வழக்கமான இடங்கள் இரண்டு. ஒன்று, ஸ்ரியறிங்குக்குள் சில்லோடு சேர்ந்து சுருண்டு விரிகிற தட்டை வயர். ஹோர்னும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் சந்தேகம் அதன் மேல்தான். மற்றது, முன் சீற்றுக்குக் கீழே உள்ள மஞ்சள் நிற இணைப்பு. சீற்றை முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கும்போது அது தளரும். அல்லது எலி கடித்திருக்கும். காரை நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துகிற வீடு என்றால் எலியை முதலில் நினையுங்கள். இந்த மஞ்சள் வயரில் ரெஸ்ற் பல்பு, மீற்றர் எதையும் வைக்கக் கூடாது. அந்தச் சின்ன மின்சாரமே பையை வெடிக்க வைக்கப் போதும். பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துத்தான் தொட வேண்டும். எயார்பேக்கின் பழுதுக் குறியை வாசிக்கிற ஸ்கானர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இனித் தம்பி சொன்னது. தகாட்டா என்ற ஜப்பான் கம்பனி உலகத்தில் பல கார்க் கம்பனிகளுக்கு எயார்பேக் செய்து கொடுத்தது. பையை ஊத வைக்கும் உலோகக் குடுவைக்குள் அமோனியம் நைத்திரேற்று வைத்தார்கள். பல குடுவைகளில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இல்லை. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்து சிதைந்துபோகும். பிறகு விபத்தில் அது எரிய வேண்டிய வேகத்தை விடக் கூட வேகத்தில் எரிந்து, குடுவையே உடைந்து, இரும்புத் துண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். 2008இல் ஹொண்டா சில ஆயிரம் கார்களைப் பழுது திருத்தித் தரத் திருப்பி அழைத்ததில் தொடங்கியது. 2014க்குப் பிறகு அது பெருகி, உலகம் முழுக்க 10 கோடி அளவு குடுவைகள் வரை போனது. 2017இல் தகாட்டா வங்குரோத்தாகிவிட்டது. ஹொண்டா, ரொயோட்டா, நிசான், மஸ்டா என்று பல கம்பனிகளும் இதில் மாட்டிக்கொண்டன.

கவனிக்க வேண்டியது, இந்தக் குறைக்கு லைற் எரியாது. லைற் ஒழுங்காக அணைகிற காரிலும் குடுவை பழுதாக இருக்கலாம். எங்கள் நாட்டுக் காலநிலை அதற்கு வாய்ப்பான காலநிலை. ஆறேழு மாதம் கொதிக்கிற வெயில், பிறகு மாரி ஈரம். மூடிய கார் முற்றத்தில் நின்றால் உள்ளே எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும்.

ஜப்பானில் கம்பனி அனுப்பும் திருப்பி அழைக்கும் கடிதம் அந்த ஊர் உரிமையாளரின் முகவரிக்குப் போகும். கார் கப்பலில் ஏறிக் கொழும்புக்கு வந்து, இரண்டு மூன்று கை மாறிக் கிளிநொச்சிக்கு வந்த பிறகு அந்தக் கடிதத்தை யார் உங்களுக்குக் கொண்டுவந்து தரப்போகிறார்? நீங்களே தேட வேண்டியதுதான். வாகனப் புத்தகத்தில் சேசி இலக்கம் இருக்கிறது. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த காருக்கு 17 எழுத்து நீள இலக்கம் இருக்காது. எழுத்தும் எண்ணும் கலந்த சிறு குறி, ஒரு கோடு, பிறகு ஆறோ ஏழோ எண்கள். அதை அப்படியே கார்க் கம்பனியின் ஜப்பான் இணையத்தளத்தில், திருப்பி அழைத்த வாகனங்களைத் தேடும் பக்கத்தில் போட்டால் பாக்கி வேலை இருக்கிறதா என்று காட்டும். பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுக்கிறவர்கள் இருப்பார்கள், ஐந்து நிமிட வேலை. பாக்கி இருந்தால் இலங்கையில் உள்ள அந்தக் கம்பனியின் முகவருக்குச் சேசி இலக்கத்தோடு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் தொலைபேசியோடு போய்விடும்.

உடைத்து விற்கும் கடையில் எயார்பேக்கோடு பழைய ஸ்ரியறிங் மலிவாகக் கிடைக்கும். வாங்க வேண்டாம். அதற்குள் எந்தக் குடுவை, எத்தனை வருடம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் தெளியும் வரை ஸ்ரியறிங்குக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இடைவெளி வையுங்கள். சீற் பெல்ற் எப்போதும் வேண்டும். பிள்ளைகள் பின் சீற்றில்.

கேள்வி: வட்டுவாகல் பாலத்தில் வெள்ளத்துக்குள்ளால் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு பிறேக் பிடிக்கவே இல்லை. அரை மணித்தியாலத்தில் தானாகச் சரியாகிவிட்டது. விடலாமா? – மாணவன், முல்லைத்தீவு

பதில்: டிரம்முக்குள் தண்ணீர் போனால் அப்படித்தான். தண்ணீரை விட்டு ஏறியவுடன், மெதுவாக ஓடிக்கொண்டே பிறேக்கை லேசாக அழுத்திப் பிடித்தால் சூட்டில் காயும். ஆனால் தண்ணீர் போனாலும் சேறு உள்ளே நிற்கும். சில்லைக் கழற்றித் துடைத்து, பிறேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, அச்சுக்குக் கிறீஸ் போடு தம்பி. அங்கே தண்ணீரில் உப்பும் இருக்கிறது, விட்டால் சுருள் கம்பி துருப்பிடித்து அறும். வெள்ளத்துக்கு மேலால் பாலத்தின் ஓரக் கட்டை தெரியாவிட்டால் திரும்பிப் போ. அதற்குப் பிறேக் பதில் இல்லை.

கேள்வி: என்னுடைய ஹைபிரிட் காரில் வெயில் நேரம் பின் சீற்றடியில் காற்றாடி இரைகிறது. போன கிழமை சிவப்பு எச்சரிக்கை வந்து, கார் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தது. காலையில் பிரச்சினை இல்லை. வேலைக்குத் தினமும் துணுக்காயிலிருந்து கிறவல் றோட்டால் போகிறேன். பற்றரி முடிந்தது, இலட்சக்கணக்கில் வேண்டும் என்கிறார்கள். – அரச ஊழியர், துணுக்காய்

பதில்: காசைக் கட்டாதீர்கள், பொறுங்கள். வெயில் நேரம் வருகிறது, காலையில் இல்லை, கிறவல் றோட்டு. மூன்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஹைபிரிட் பற்றரியைக் குளிர வைப்பது காருக்கு உள்ளே இருக்கும் காற்று. பின் சீற்றுக்குப் பக்கத்தில் அல்லது கீழே உள்ள கம்பித் துவாரத்தால் ஒரு காற்றாடி அதை இழுக்கிறது. யன்னலைத் திறந்துகொண்டு கிறவலில் ஓடினால் செம்மண் தூசும் சேர்ந்து போய்க் காற்றாடியின் இதழில் அப்பிவிடும். பற்றரி சூடாகும், கார் தன்னைக் காப்பாற்ற வலுவைக் குறைக்கும். காற்றாடியைக் கழற்றித் துப்புரவாக்குவது ஒரு மணித்தியால வேலை. அதைச் செய்துவிட்டுப் பற்றரியை அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஒரு சில அறைகள் மட்டும் மெலிந்திருந்தால் முழுப் பற்றரியும் மாற்றத்தான் வேண்டுமா என்று இன்னொரு இடத்திலும் கேளுங்கள். கிறவலில் யன்னலை மூடி ஏசியைக் குறைவாகப் போடுங்கள். அந்தத் துவாரத்தின் மேல் பையோ துணியோ வைக்க வேண்டாம். செம்மஞ்சள் நிறத் தடித்த வயரை நீங்களும் தொட வேண்டாம், பழக்கமில்லாத மெக்கானிக்கும் தொட வேண்டாம். அதில் ஓடுவது வீட்டுக் கரண்டைப் போலவே ஆளைக் கொல்லக்கூடியது.

உங்களுடையது மூன்றாம் தலைமுறை பிரியஸ் என்றால் இன்னொன்றும் பாருங்கள். 2014 பெப்ரவரியில் ரொயோட்டா 19 இலட்சம் பிரியஸ் கார்களைத் திருப்பி அழைத்தது. மின்சாரத்தை உயர்த்தும் பகுதியின் மென்பொருளில் குறை, உள்ளே ரான்சிஸ்ரர் சூடாகிக் கார் வலுக் குறையும், சில வேளை நின்றும் விடும். உங்கள் காருக்கு அந்த வேலை நடந்ததா என்று சேசி இலக்கத்தைக் கொண்டு பாருங்கள். இதையும் பற்றரிக் கணக்கில் எழுதிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கடையில் புதிதாக வாங்கிய ரயர், நூல் தெரியாமலே பக்கச் சுவர் வெடித்து முறிகண்டிக்கு இந்தப் பக்கம் விட்டது. "நீங்கள் பள்ளத்தில் விட்டிருப்பீர்கள்" என்கிறார் கடைக்காரர். – வான் சாரதி, மாங்குளம்

பதில்: ரயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பூ தேயாமல் கடையில் கிடந்தாலும் றப்பருக்கு வயதாகும். பக்கச் சுவரில் மயிர் மயிராக வெடிப்பு என்றால் அது பள்ளத்தால் வந்ததல்ல. பள்ளத்தில் விழுந்தால் ஒரே இடத்தில் வெட்டுப் போல் இருக்கும், உள்நூல் அறுந்து அந்த இடம் மட்டும் வீங்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் சுற்றிவர வெடிப்புத் தெரிகிறது. கடைக்காரரிடம் அந்த நான்கு இலக்கத்தைக் காட்டிக் கதையுங்கள். இனி வாங்கும்போது ரயரைச் சில்லில் ஏற்ற முதல் பாருங்கள். ரீபில்ட் ரயர், அதாவது பழைய ரயரில் புதுப் பூ ஒட்டியது, போடுகிறீர்கள் என்றால் முன்சில்லுக்கு வேண்டாம்.

முறிகண்டியில் எல்லோரும் நிற்கிறோம், தேங்காய் உடைக்கிறோம், கச்சான் வாங்குகிறோம். பிள்ளையாரைச் சுற்றியது போல வாகனத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி நான்கு ரயரையும் பார்த்தால் அவர் கோபிக்க மாட்டார்.

கேள்வி: கார் நூறில் போகும்போது அக்சிலேற்றர் மிதி மேலே வராமல் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பி நிறுத்தினேன், ஸ்ரியறிங் இறுகிவிட்டது. கடவுள் காப்பாற்றினார். – வாசகர், வவுனியா

பதில்: சாவியை முழுதாகத் திருப்பினால் ஸ்ரியறிங் இறுகும், பூட்டவும் கூடும். அப்படிச் செய்யக் கூடாது. முதலில் நியூற்றல். எஞ்சின் கத்தட்டும், பரவாயில்லை. பிறேக்கை ஒரே தடவை பலமாக மிதித்துப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதித்தால் உதவி வலு தீர்ந்து மிதி கல்லாகிவிடும். ஓரங்கட்டி நின்ற பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். பொத்தான் ஸ்ரார்ட் கார் என்றால், ஓட்டத்தில் நிறுத்தவே வேண்டி வந்தால் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பிறகு தரைப் பாயைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று இரண்டு பாய் போட்டிருப்பீர்கள், செம்மண் காலோடு ஏறுகிறோம் என்று. மேல் பாய் நகர்ந்து மிதியைக் கொளுவிப் பிடிக்கும். 2009இல் ரொயோட்டா அமெரிக்காவில் 38 இலட்சம் கார்களை இதே காரணத்துக்காகத் திருப்பி அழைத்தது. ஒரு பாய் போதும், அதுவும் கொக்கியில் மாட்டியதாக இருக்க வேண்டும். பழைய கேபிள் மிதி என்றால் கேபிள் உறை நைந்து சிக்கியிருக்கலாம், எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: ஆட்டோவின் முன்சில்லு ஆடுகிறது. பேரிங் மூன்றாம் முறை மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் "ஒறிஜினல் போட்டிருக்கிறோம்" என்கிறார்கள், பில் தருவதில்லை. கேட்டால் சண்டை. நான் எங்கே முறையிடுவது? – ஆட்டோ சாரதி, மல்லாவி

பதில்: புதுப் பேரிங் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் பேரிங்கை விட்டுவிட்டு அது இருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும். ஹப்பின் உட்புறம் தேய்ந்துவிட்டால் பேரிங்கின் வெளி வளையம் அதற்குள் சுழலும். எந்த ஒறிஜினலும் நிற்காது. சுத்தியலால் அடித்து ஏற்றினாலும், நட்டைத் தேவைக்கு மேல் இறுக்கினாலும் அதே கதிதான். ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சில்லு, அது கழன்றால் தாங்க வேறு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள் என்றால் இது திருந்தும் வரை ஏற்ற வேண்டாம்.

பில் விஷயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் வெறும் வாயோடு போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. வேலை தொடங்க முதலே "பில் வேண்டும், கழற்றிய சாமானும் வேண்டும்" என்று சொல்லுங்கள். முடிந்த பிறகு கேட்பதால்தான் சண்டை. கழற்றிய பேரிங்கைப் பையில் போட்டு, திகதியும் மீற்றரில் ஓடிய கிலோமீற்றரும் எழுதி வையுங்கள். மூன்று பேரிங்கும் மூன்று திகதியும் கையில் இருந்தால் நீங்கள் அதிகம் பேசத் தேவையில்லை. சமூக ஊடகத்தில் கடையின் பெயரைப் போட்டுத் திட்டுவதை விட இது பலமானது. திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அது வேறு.

கேள்வி: புகைப் பரிசோதனை பாஸ். அப்படியானால் வாகனம் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதானே? – வாசகி, நெடுங்கேணி

பதில்: புகை நல்ல நிலையில் இருக்கிறது அம்மா. பிறேக்கை அங்கே யாரும் மிதித்துப் பார்ப்பதில்லை.

கேள்வி: அந்த நாளில் அப்பா மண்ணெண்ணெயில் கார் ஓடினார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் டீசல் வானுக்குப் பாதிப் பாதி கலந்தால் என்ன? – வான் உரிமையாளர், புதுக்குடியிருப்பு

பதில்: நானும் அந்தக் காலத்தில்தான் தொழில் பழகினேன். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணால் காண முடியாது. ஒஸ்ரினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். அந்த எஞ்சின்களுக்கு அமுக்கம் குறைவு, அதனால் தாங்கின. "ஒன்றும் ஆகவில்லை" என்று அப்பா சொல்வது அன்பினால். வால்வு கரிந்ததையும், எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி அது தண்ணீராக ஓடியதையும் துடைத்தவர்கள் நாங்கள்.

உங்கள் வானின் டீசல் பம்புக்கு உராய்வு நீக்குவதே அந்த டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. புதுவகை டீசல் எஞ்சின்களில் பம்பு காற்றமுக்கத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அமுக்கத்தில் வேலை செய்கிறது. வழவழப்புக் குறைந்தால் உலோகத்தை உலோகம் தின்று, அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். லீற்றரில் மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு பம்புக்குப் போகும். ஏற்கெனவே கலந்து ஓடியிருந்தால், எத்தனை தாங்கி ஓடினீர்கள், காலையில் ஸ்ரார்ட் எடுக்க எவ்வளவு நேரம், சூட்டில் தட்டுகிற சத்தம் உண்டா என்று எழுதுங்கள். டீசல் பில்ரரையும் கழற்றி வெட்டி, உள்ளே பளபளவென்று தூள் இருக்கிறதா பார்த்து அதையும் எழுதுங்கள்.